இலகு காருக்கு ஏற்ற மாற்று எஞ்சின்

எஞ்சின் பழுதுற்ற கார் ஒன்றுக்கு வேறு எஞ்சின் தேடுவோர் பெரும்பாலும் முதலிற் கேட்கும் கேள்வி, “எத்தனை குதிரைவலு?” என்பதாகும். சாதாரண வீட்டுக் காரைப் பொறுத்தவரை இக்கேள்வியாற் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆயின் இரும்புக் குழாய்ச் சட்டகமும், அலுமினியத் தகடும், கண்ணாடியிழை உறுப்புக்களுமாக, அரைத் தொன்னுக்கும் குறைந்த நிறையில் அமைந்த இருவர் செல்லும் ஸ்போட்ஸ் காருக்கு எஞ்சின் தெரியும்போது, இக்கேள்வி ஈற்றில் வரவேண்டியதாகும். இயந்திரவியல் கற்கும் எமது கல்லூரி மாணவரும், கார் ஆசை இன்னும் குன்றாத பழைய மாணவரும் அறிந்துகொள்ளும் பொருட்டு அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வகைக் கார்களுக்கு முதல்வன் 1957ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த லோட்டஸ் செவன் என்னும் காராகும். அதனை அமைத்தவர் கொலின் சப்மன். முற்றாக்கிய காருக்கு அந்நாட்டில் அப்போது கொள்வனவு வரி உண்டு. உறுப்புக்களாக வாங்கி வீட்டிலே பூட்டிக்கொண்டால் வரி இல்லை. எனவே வாங்குவோர் பெட்டிகளிற் கொணர்ந்து தம் கொட்டிலில் வைத்துப் பூட்டினர். அதிற் பொருத்திய எஞ்சின் ஃபோர்ட் பிறிஃபெக்ற், அங்கிலியா ஆகிய கார்களில் இருந்த 1172 கன சென்ரிமீற்றர் எஞ்சினேயாகும். அதன் வலு சுமார் 40 குதிரை. இரண்டாண்டு கழிந்தபின், மொறிஸ் மைனர் 1000 காரில் இருந்த 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் அதற்குப் பொருத்தப்பட்டது. இலங்கையின் தெருக்களில் மொறிஸ் மைனர் கண்டு வளர்ந்த பழைய மாணவர்க்கு அந்த எஞ்சினின் ஓசையை நாம் விளக்க வேண்டியதில்லை. வைத்தியரையும் தலைமையாசிரியரையும் சுமந்து சென்ற அதே எஞ்சின், மறுபுறத்திற் பந்தயக் காரையும் இழுத்தது. இதற்குக் காரணம் எஞ்சினிலன்று, காரின் நிறையிலேயே உளது.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். 450 கிலோ நிறையுள்ள காரில், பழைய எஞ்சினிலும் 60 கிலோ கூடிய எஞ்சின் ஒன்றைப் பூட்டினால், காரின் நிறை நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு கூடுகின்றது. 1200 கிலோ நிறையுள்ள வீட்டுக் காரில் அதே 60 கிலோவைச் சேர்த்தால், கூடுவது நூற்றுக்கு ஐந்தே. அன்றியும், சேர்ந்த நிறை கார் முழுவதிலும் பரவி நிற்பதில்லை. பெரும்பகுதி முன்சில்லுகளின் மேல் நிற்கின்றது. வளைவிலே முன்சில்லு திசைமாற்ற மறுத்து நேரே செல்ல முனையும். முன்வில்லுகள் தாழும். பிறேக்கோ பழைய நிறைக்கு அளந்து செய்யப்பட்டது. இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகும் என்பதை மாணவர் அறிவர். மணிக்கு 60 கிலோமீற்றரிற் செல்லும் காரை நிறுத்தும் பிறேக், 120 கிலோமீற்றரில் நான்கு மடங்கு சக்தியை வெப்பமாக மாற்றல் வேண்டும். எஞ்சினை மட்டும் பெரிதாக்கிப் பிறேக்கை மறந்தவன், தன்னை மட்டுமன்றித் தெருவிற் செல்வோரையும் ஆபத்துக்குள்ளாக்குகின்றான்.

இவ்வுண்மையை நாம் வாழும் எலுவன்குளத்துக்கு அயலிலேயே காணலாம். கலா ஓயா புத்தளக் களப்பிற் கலக்குமிடத்துக் கங்கேவாடியில், கண்ணாடியிழைப் படகுக்குப் புதிய வெளியிணைப்பு எஞ்சின் வாங்கும் மீனவர், குதிரைவலுவை மட்டும் நோக்குவதில்லை. படகின் பின்பலகை எவ்வளவு தாங்கும், பின்புறம் தாழ்ந்து முன்புறம் எழும்புமா, கண்டல் நிறைந்த ஆழமற்ற நீரில் விசிறி மண்ணைத் தட்டுமா, புத்தளத்தில் உதிரிப்பாகம் கிடைக்குமா என்பனவற்றையே ஆராய்கின்றார். இரண்டு வீச்சு எஞ்சினை விட்டு அதே வலுவுள்ள நான்கு வீச்சு எஞ்சினுக்கு மாறும்போது எண்ணெய்ச் செலவு குறையும். ஆயினும் நிறை பத்துப் பதினைந்து கிலோ கூடும் என்பதும் அவர் கணக்கில் அடங்கும். இலேசான படகுக்கும் இலேசான காருக்கும் நியதி ஒன்றே.

இனி, செவன் காரின் எஞ்சின்கள் காலத்துக்குக் காலம் மாறிய வரலாறே இப்பாடத்துக்குச் சிறந்த உதாரணமாகும். 1973இல் லோட்டஸ் நிறுவனம் அக்காரைக் கைவிட, கேற்றர்ஹாம் நிறுவனம் அதனை ஏற்று இன்றுவரை செய்து வருகின்றது. நெடுங்காலம் ஃபோர்ட் நிறுவனத்தின் வார்ப்பிரும்பு எஞ்சின்கள் அதற்கு உதவின. 1990களில் றோவர் நிறுவனத்தின் கே வரிசை எஞ்சின் வந்தது. அது அலுமினியத்தாலானது, மிக இலேசானது, செவனுக்கென்றே செய்தது போன்றது. தலைக் காஸ்கெற் எரியும் குறை அதற்கு உண்டு என்று பேசப்பட்டபோதிலும், நிறை குறைவு என்னும் குணம் அக்குறையைப் பொறுக்கச் செய்தது. ஆனால் 2005ஆம் ஆண்டு ஏப்பிரிலில் எம்.ஜி. றோவர் நிறுவனம் முறிந்தது. எஞ்சின் எத்துணைச் சிறந்ததாயினும், செய்பவன் இல்லாவிடின் என் செய்வது? கேற்றர்ஹாம் மீண்டும் ஃபோர்ட்டை நாட வேண்டியதாயிற்று.

அதனினும் வியப்பானது 2013இல் நிகழ்ந்தது. யப்பானியச் சிறு கார்களுக்கென்று செய்யப்பட்ட, மூன்று சிலிண்டர் உள்ள சுசுக்கி 660 கன சென்ரிமீற்றர் ரேர்போ எஞ்சினைச் செவனிற் பொருத்தினர். 2021இல் அவ்வழியில் வந்த செவன் 170 என்னும் காரின் நிறை 440 கிலோ. வலு 84 குதிரை. அதாவது ஒவ்வொரு குதிரையும் ஐந்து கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நிறையையே இழுக்கின்றது. அதே சுசுக்கி நிறுவனத்தின் 660 எஞ்சின் பூட்டிய வாகன்-ஆர் கார்கள் கொழும்பிலிருந்து புத்தளம் வரை எங்கும் ஓடுகின்றன. அவற்றிற் பெரும்பாலானவை ரேர்போ இல்லாதவை என்பது உண்மையே. எனினும், பந்தயக் காருக்குரிய எஞ்சின் கடல் கடந்த நாட்டில் மட்டுமே உண்டு என்று எண்ணியிருப்போர் இதனைச் சிந்தித்தல் நன்று.

தமிழ்நாட்டில் இதனைப் பிறர்க்கு முன் சிந்தித்தவர் ஒருவர் உளர். அவரே கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளத்தில், நெடுங்காலம் கார்ப் பந்தயம் நடந்து வந்தது. செல்வர் இறக்குமதிக் கார்களைக் கொணர்ந்தனர். ஏனையோர் ஃபியற் முதலிய உள்நாட்டுக் கார்களைச் செப்பனிட்டு ஓட்டினர். வெளிநாட்டுப் பந்தயக் காரின் எஞ்சின் உடைந்தால், உதிரிப்பாகம் வரும்வரை கார் கொட்டிலிலே கிடக்கும். இந்நிலையிற் கரிவரதன் 1980களின் இறுதியில் ஒருவர் அமரும் இலேசான பந்தயக் காரொன்றை அமைத்து, அதற்கு மாருதி 800 காரின் எஞ்சினைப் பூட்டினார். அக்கார் ‘ஃபோர்முலா மாருதி’ எனப் பெயர் பெற்றது.

அவர் தெரிந்த எஞ்சினின் அளவுகளைக் காண்க. சிலிண்டர் மூன்று, துளை 68.5 மில்லிமீற்றர், வீச்சு 72 மில்லிமீற்றர், கொள்ளளவு 796 கன சென்ரிமீற்றர். வலுவோ 40 குதிரைக்கும் சற்றுக் குறைவு. பந்தயம் என்ற சொல்லுக்கே இது பொருந்தாது என்று நகைத்தோரும் இருந்திருப்பர். ஆனால் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 சில ஆண்டுகளுக்குள் இந்தியாவின் ஊர்தோறும் பரவிவிட்டது. பழுதுபார்க்கத் தெரியாத கம்மியர் இல்லை. பிஸ்டன் வளையம் கிடைக்காத நகரம் இல்லை. எஞ்சின் இலேசானது, ஆகவே சட்டகமும், வில்லும், பிறேக்கும் இலேசாக அமையலாயின. எல்லாரிடமும் ஒரே எஞ்சின் இருந்தமையாற் பந்தயத்தில் வென்றவன் ஓட்டும் திறத்தாலேயே வென்றான். பணம் குறைந்த இளைஞரும் உட்புக வழி திறந்தது. அவ்வழியிற் பழகியவர்களுள் ஒருவரே கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டன் அணியில் ஃபோர்முலா ஒன் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் அவர். 2000ஆம் ஆண்டில் ஃபோர்முலா மாருதியில் வென்ற சென்னைக் கருண் சந்தோக், 2010இல் அதே ஃபோர்முலா ஒன்னை அடைந்தார். கரிவரதன் இவற்றைக் காணவில்லை; 1995இல் விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார். கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அப்பாதையிலே பொறியியல் மாணவர் தாமே அமைத்த கார்களுடன் ஆண்டுதோறும் போட்டியிடும் ‘ஃபோர்முலா பாரத்’ விழாவும் நடைபெறுகின்றது. அங்கு மாணவர் எதிர்நோக்கும் வினாவும் இக்கட்டுரையின் வினாவே. விதிப்படி எஞ்சின் 710 கன சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது. பெற்றோல் எஞ்சினாயின் அது மூச்செடுக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீற்றர் துளையொன்றினூடாகவே செல்லல் வேண்டும். 600 கன சென்ரிமீற்றர் நான்கு சிலிண்டர் மோட்டார்ச் சைக்கிள் எஞ்சினைப் பூட்டுவதா, 373 கன சென்ரிமீற்றர் ஒற்றைச் சிலிண்டர் கே.ரி.எம். எஞ்சினைப் பூட்டுவதா? பெரிய எஞ்சினின் மூச்சைத் துளை அடக்கிவிடுவதால் அதன் வலுவின் ஒரு பகுதி வீணாகின்றது; நிறை மட்டும் குறையாது நிற்கின்றது. ஆகவே பல மாணவர் குழுக்கள் சிறிய எஞ்சினையே தெரிகின்றன. எமது கருத்தும் அதுவே.

மோட்டார்ச் சைக்கிள் எஞ்சினைப் பற்றி ஒரு சொல். நிறைக்கு வலு மிகுந்ததாகையால் இளைஞர் அதனை மிக விரும்புவர். ஆனால் சைக்கிள் வளைவிற் சாயும். ஆகவே எஞ்சினுள் எண்ணெய் தாழ்ந்த இடத்திலேயே நிற்கும். கார் அவ்வாறு சாய்வதில்லை. வளைவிலே எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, எண்ணெய்ப் பம்பி வெறுங்காற்றை இழுக்கும். சில கணங்களிற் பெயறிங் எரிந்துவிடும். எண்ணெய்த் தட்டினுள் தடுப்புத் தகடு அமைத்தல் இதற்குப் பரிகாரம். கிளச்சும் இருநூறு கிலோ சைக்கிளுக்கென்று அளந்தது. பெரும்பாலானவற்றில் பின்செல்லும் கியரும் இல்லை. பந்தயப் பாதைக்கு அது ஒரு குறையன்று. புத்தளம் சந்தைத் தெருவில் இறங்கித் தள்ளுவதற்கு ஒருவர் உடன் வரவேண்டும்.

இனி எம் நாட்டு நடைமுறை. மொறிஸ் மைனருக்கு யப்பானிய எஞ்சின் பூட்டுவதிற் கைதேர்ந்த கம்மியர் இங்கு பலர் உளர். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் யப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். அங்கு வாங்குவோர் எஞ்சினை மட்டும் வாங்கலாகாது. கியர்ப்பெட்டி, மின்கம்பித் தொகுதி, கட்டுப்பாட்டுக் கணினி, காற்று அளக்கும் கருவி ஆகிய யாவும் ஒரே காரிலிருந்து கழற்றியனவாக இருத்தல் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தால், அதனைத் தனியே தேடும் செலவு சிலவேளை எஞ்சினின் விலையையும் எட்டிவிடும். முன்சில்லை ஓட்டும் காரில் எஞ்சின் குறுக்காக நிற்கும். செவன் போன்ற காரில் நெடுக்காக நிற்றல் வேண்டும். அப்போது எண்ணெய்த் தட்டு முன் அச்சில் இடிக்கும். புகைக்குழாய் திசைமாற்றுத் தண்டில் முட்டும். கியர்ப்பெட்டி பொருந்த இடைத்தகடு கடைய வேண்டும். ஆதலின் வாங்குமுன்னே அளவுநாடாவும் அட்டையில் வெட்டிய மாதிரியும் கொண்டு எஞ்சின் அறையை அளந்து கொள்க. எஞ்சின் எண் மாறுவதை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுப் புத்தகத்திலும் திருத்தல் வேண்டும். ஆகவே பற்றுச்சீட்டையும் சுங்கப் பத்திரத்தையும் கடையிலேயே கேட்டுப் பெறுக.

எம் கரையோரத்துக்கென்று சில உள. உப்புக் காற்று அலுமினியத்தையும் மின் இணைப்புக்களையும் அரிக்கும். இலகு காரின் சிறிய றேடியேற்றர் இங்கிலாந்தின் குளிருக்கு அளந்தது. பங்குனி வெயிலுக்கு அதனிற் பெரியதும், வெப்பம் கண்டு தானே சுழலும் மின்விசிறியும் வேண்டும். எலுவன்குளத்திலிருந்து வடக்கே செல்லும் பாதை செம்மண் தூசி நிறைந்தது. காற்று வடிகட்டி இன்றி வெறும் குழல் வைத்து ஓட்டும் பந்தய வழக்கம் இங்கு உதவாது. அன்றியும் மாரியிற் கலா ஓயா பெருகினால் சப்பாத்துப் பாலத்தின் மேல் நீர் பாயும். தாழ்ந்த காரின் காற்று வாய் நீரில் அமிழ்ந்தால், சிலிண்டருள் நீர் புகும். நீரை அமுக்க இயலாதாகையாற் பிஸ்டனை இணைக்கும் தண்டு ஒரே சுற்றில் வளைந்துவிடும். காற்று வாயை எஞ்சினின் உச்சியிற் பொருத்தலாம். நீர் வடியும்வரை கரையிற் காத்திருத்தல் அதனினும் மலிவு.