அண்ணியிடம் கேட்டீர்களா?

அன்புள்ள சகோதரிக்கு,

மலையிலுள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அண்ணிக்கு எட்டாம் மாதம்; இந்த முறை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், அத்தையே, அதாவது உங்கள் அம்மாவே, பிரசவம் பார்க்கட்டும் என்கிறார்; நர்சிங் படிக்கிற உங்களுக்கு மனசு பதைக்கிறது; மிரட்டியாவது கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மிரட்ட வேண்டாம்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதல் பிரசவத்தைப் பற்றி, அந்த நான்கு வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வலியில் கத்தியபோது தொடையில் அடி. எதற்கு என்று சொல்லாமல் பிறப்பு வாயில் ஒரு கத்தரி வெட்டு. வராந்தாவில் நின்ற உங்கள் அண்ணன், நர்ஸ் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டது. உள்ளே கருத்தடைக்கான காப்பர்-டி இருப்பதே மூன்று மாதம் கழித்து வயிற்றுவலிக்குப் போனபோதுதான் அண்ணிக்குத் தெரிய வந்தது. இவ்வளவும் நடந்த பிறகு ஒரு பெண் 'வரமாட்டேன்' என்றால், அதை மலைவாசிகளின் அறியாமை என்று கீழ்நாட்டில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. அவர் பட்டதை வைத்துத்தான் பேசுகிறார்.

ஆனாலும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் போனால் ரத்தம் கொட்டும். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. அதைத் தடுக்கக் குழந்தை பிறந்த உடனே போடும் ஆக்சிடோசின் ஊசியைக் குளிர்பெட்டியில்தான் வைத்திருக்க முடியும். உங்கள் அம்மாவின் கை எவ்வளவு தேர்ந்த கையானாலும் இதை வீட்டில் ஈடுசெய்ய முடியாது. அண்ணியிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், பயமுறுத்தாமல் சொல்லுங்கள். சொன்ன பிறகு முடிவு அவருடையது.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. டெல்லியில் சமீரா கோலி என்ற பெண்ணுக்குச் சோதனைக்காக மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தந்த தீர்ப்பு இது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும், வயது வந்த, சுயநினைவுக்குத் திரும்பக்கூடிய பெண்ணுக்காகத் தாய் தரும் சம்மதம் செல்லாது. பெற்ற தாய்க்கே இல்லாத அதிகாரம், வராந்தாவில் நிற்கும் கணவனுக்கு எங்கிருந்து வரும்? உங்கள் அண்ணனிடம் இதை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். அவரும் அன்று பயந்துபோய்த்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்.

பிரசவ அறையில் அவசரம் வரும், மறுக்கவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஆனால் 'குழந்தைக்குத் துடிப்பு குறையுதும்மா, ஆபரேஷன் பண்ணணும், சரியா?' என்று கேட்க அரை நிமிடம் போதும். காப்பர்-டியில் அந்த அவசரமும் கிடையாது. அதைப் பற்றிக் கர்ப்பகாலத்திலேயே பேசி முடிவெடுக்க வேண்டும். வலியில் துடிக்கிறவரிடம் கேட்டு வாங்குகிற தலையாட்டல் சம்மதமே அல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளைப் படித்துப் பாருங்கள், உங்கள் படிப்புக்கும் உதவும். எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரி போடக் கூடாது. வயிற்றை மேலிருந்து அமுக்கக் கூடாது. பிரசவிக்கும் பெண்ணுக்கு விருப்பமானவர் கூட இருக்கலாம். மல்லாந்து படுத்தே பெற வேண்டியதில்லை, குத்துக்காலிட்டோ ஒருக்களித்தோ தனக்கு வசதியாகப் பெறலாம். இப்போது நம் நிலையைப் பாருங்கள்: தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. நாம் பெருமைப்பட வேண்டிய எண்தான். அதே ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம். வந்து சேர்ந்தவர்களைக் கணக்கெடுக்கிறோம். அவர்களில் எத்தனை பேரிடம் கேட்டுச் செய்தார்கள் என்பதையும் ஒருநாள் கணக்கெடுக்க வேண்டும்.

மலையில் இன்னொன்றும் இருக்கிறது. பாதை இல்லாத ஊரில் 'உன் விருப்பம்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் ஏந்தி நடந்தே போனதை நாடே பார்த்தது. உங்கள் ஊர் சாலை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. மழைக்காலத்தில் வண்டி வராது என்றால், பிரசவ நாளுக்கு முன்பே வந்து தங்கிக்கொள்ளும் காத்திருப்பு அறைகள் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் உண்டு. உங்களுக்கு அருகில் எங்கே இருக்கிறது என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

அடுத்த செக்கப்புக்கு அண்ணியோடு நீங்களும் போங்கள். பேச்சை அவரே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். 'என் கூட அத்தை இருக்கணும். கத்தரி தேவைப்பட்டால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். காப்பர்-டி இப்போது வேண்டாம்.' இதையெல்லாம் அவர் தன் வாயால் சொல்லட்டும், அங்கிருக்கும் நர்ஸை அதைக் கர்ப்பகால அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் அம்மா அறைக்குள் இருப்பார் என்பது உறுதியானாலே அண்ணியின் மனசு பாதி மாறும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்போதும் வீட்டில்தான் என்றால் அவரோடு பேச்சை முறித்துக்கொள்ளாதீர்கள். செவிலியருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். துணி நனைந்து நனைந்து ரத்தம் போனாலோ, நஞ்சுக்கொடி அரைமணி நேரத்தில் விழாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும். அதற்கு அண்ணி இப்போதே சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். எந்த வண்டி, யார் ஓட்டுவது, ரத்தம் கொடுக்க யார் கூட வருவது என்பதை அண்ணனும் அம்மாவும் இந்த வாரமே பேசி முடிவு செய்யட்டும். அண்ணி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா