மாட்டுக்கு முன் புல்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு கடன் எடுத்துப் பசு வாங்கப் போகிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்துச் சம்பளத்துக்குத் துணையாக லயத்துக்குப் பின்னால் ஒரு மாடு நிற்பது பாட்டன் காலத்து வழக்கம். நியூசிலாந்துப் பால்மாவை நம்பியே இன்னும் தேநீர் குடிக்கிற நாட்டில் பாலுக்கு ஆள் தேடி அலையவும் வேண்டாம். ஆனால் தரகர் காட்டிய மாட்டுக்கு இப்போதே முற்பணம் கொடுத்துவிடாதே. முதலில் புல்லைப் பார்.

400 கிலோ எடையுள்ள பசுவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 கிலோ பச்சைப் புல் வேண்டும். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் அம்மா அறுத்து வருவாள் என்று நினைத்திருந்தால், மாடு உன்னுடையது, சுமை அவளுடையது என்றாகிவிடும். ஓடைக்கரையில் சி.ஓ.-3 புல்லை நடு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த ரகம் அது. குளிர் கூடிய உச்சியில் கொஞ்சம் மெதுவாகத்தான் வளரும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலைகளில் மண் தேறுவதற்காக ஒன்றரை, இரண்டு வருடம் குவாத்தமாலாப் புல் போட்டிருப்பார்கள். இளசாக அறுத்தால் மாட்டுக்கும் ஆகும். கேட்டுப் பார், அது மண்ணுக்கென்று போட்ட புல், மறுத்தால் கோபிக்காதே. தேயிலைக்குள் அறுக்கும்போது எந்த மலைக்குக் களைக்கொல்லி அடித்தார்கள் என்று கங்காணியிடம் விசாரிக்காமல் அரிவாளை வைக்காதே. நிலம் நம்முடையதல்ல என்பதால் கொட்டகைக்கும் புல்லுக்கும் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள். வாய்வார்த்தை, துரை மாறினால் போய்விடும்.

கொட்டகை விஷயத்தில் நம்மவர்கள் செய்வது எனக்குப் பிடிக்காது. குளிருமே என்று நாலு பக்கமும் தகரமும் சாக்கும் வைத்து அடைத்துவிடுகிறார்கள். பிரீசியன், ஜெர்சிக் கலப்பு மாடுகளுக்குக் குளிர் பெரிய எதிரியல்ல. ஈரத் தரையும் மூத்திர வாடையும்தான் எதிரி. நிலத்துக்குச் சரிவு வை, மேலே காற்றுப் போக இடம் விடு. பீலித் தண்ணீரைக் குழாய் வழியே கொட்டகைக்குக் கொண்டு வா. ஒரு லீற்றர் பால் சுரக்க நாலைந்து லீற்றர் தண்ணீர் வேண்டும். காலையும் மாலையும் ஒரு வாளி காட்டிவிட்டுப் பால் குறைகிறது என்று புண்ணாக்கைக் கூட்டுவது வீண் செலவு.

இனி, கட்டி வளர்ப்பவர்கள் பலர் கோட்டை விடும் இடத்துக்கு வருகிறேன். பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். வெளியே மேயும் மாடு மற்ற மாட்டின் மேல் தாவும், யார் கண்ணிலும் படும். கட்டிலேயே நிற்கும் மாடு அப்படிக் காட்டாது. விடியற்காலையில் விளக்கோடு போய் வாலைத் தூக்கிப் பார். கண்ணாடி போலத் தெளிந்த சளி நூலாகத் தொங்குகிறதா, பின்புறத்தில் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா, புல்லை விட்டுவிட்டுக் காதை நிமிர்த்திக் கத்துகிறதா, அன்று பால் குறைந்ததா? காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை சினை ஊசி போட வேண்டும். தவறவிட்டால் இன்னும் 21 நாள் தீனி போட்டுக் காத்திரு. பருவம் கண்ட தேதி, ஊசி போட்ட தேதி இரண்டையும் கொட்டகைக் கதவிலேயே எழுதி வை. கன்று ஈனும் தேதிக்கு இரண்டு மாதம் முன்னே பாலை வற்றவிடு. கன்று விழுந்ததும் சீம்பாலை முதல் சில மணி நேரத்துக்குள் குடிக்க வை.

பாலுக்கு விலை அளவில் மட்டுமில்லை, கொழுப்பிலும் திண்மத்திலும் இருக்கிறது. தண்ணீர் கலந்தால் கருவி காட்டிக் கொடுக்கும். உன் லயத்திலிருந்து பால் லொறி நிற்கும் சந்திக்கு நடக்க எவ்வளவு நேரம், காலைப் பெரட்டுக்கு முன் போய்வர முடியுமா என்று வெறும் கேனோடு ஒருநாள் நடந்து பார். அயலில் மாடு வைத்திருக்கும் நாலு வீட்டாரோடு பேசி, முறை வைத்துச் சுமக்கலாம்.

புல் கட்டைகளை மழை தொடங்கும்போது நட்டுவிடு. இரண்டாவது அறுப்பு வந்ததும் எனக்கு எழுது. மிருக வைத்தியரையும் கூட்டிக்கொண்டு மாடு பார்க்க நானே வருகிறேன். அதுவரை அந்தத் தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே.

அன்புடன்,
சித்தப்பா