கடேனாவுக்கு மாற்றல்: கடல்கடந்த விமானப்படைத் தளத்தில் குடும்பம் நடத்த ஒரு வழிகாட்டி

ஜப்பானின் தெற்கே உள்ள தீவான ஓகினாவாவுக்கு, அமெரிக்க விமானப்படையின் கடேனா தளத்துக்கு, மாற்றல் உத்தரவு வந்தால் படைவீரருக்கு வேலையில் பெரிய மாற்றம் இருக்காது. பழகிய சீருடை, பழகிய விமானம், பழகிய ஆங்கிலம். வீட்டில் இருப்பவர்களுக்கோ சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதிலிருந்து எந்த மாத்திரையைப் பெட்டியில் வைக்கலாம் என்பதுவரை எல்லாமே மாறிவிடும். குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பணிக்காலம் பொதுவாக 36 மாதம். பிள்ளை ஒரு பள்ளியில் சேர்ந்து வேரூன்றவும், வீட்டார் ஒரு ஊரை நேசிக்கவும் போதுமான காலம் அது.

கடேனா சிறிய இடமல்ல. 3,700 மீட்டர் நீளத்தில் இரண்டு ஓடுதளங்கள், பள்ளிகள், பல்பொருள் அங்காடிகள், தேவாலயங்கள், விளையாட்டுத் திடல்கள் என்று ஒரு நகரமே வேலிக்குள் இருக்கிறது. இங்கே நிலைகொண்டிருப்பது விமானப்படையின் 18-ஆவது விங். அமெரிக்கப் படையில் 2009-ல் தொடங்கி 2016-ல் நிறுத்தப்பட்ட ‘மாவ்னி’ என்ற ஆள்சேர்ப்புத் திட்டம், தேவைப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழையும் வைத்திருந்தது. ஆகவே தமிழ் பேசும் வீட்டுக்கும் இப்படி ஓர் உத்தரவு வரக்கூடும்.

இந்தத் தளத்தில் வாழும் குடும்பத்தின் மீது இரண்டு நாடுகளின் விதிகள் ஒரே நேரத்தில் பொருந்தும். அமெரிக்க விதிகளை அலுவலகம் சொல்லித் தரும். ஜப்பானிய விதிகளைக் குடும்பமே தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். உத்தரவு வந்த நாளிலிருந்து திரும்பும் நாள்வரை, ஏறத்தாழக் காலவரிசையில் கீழே உள்ள படிகள் அமைந்துள்ளன.

படி 1: உத்தரவில் குடும்பத்தின் பெயர் ஏறட்டும்

வீரருக்கு உத்தரவு வந்தாலே குடும்பத்துக்கும் வந்ததாகாது. தளத்தின் ஒப்புதலுடன், அதாவது ‘கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்’ பெற்று, மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் என ஒவ்வொருவர் பெயரும் உத்தரவில் இடம்பெற வேண்டும். பயணச் செலவு, தளத்துக்குள் வீடு, பள்ளியில் இடம் மூன்றுக்கும் அதுதான் ஆதாரம்.

ஒப்புதலுக்கு முன் குடும்பத்தில் அனைவருக்கும் மருத்துவச் சோதனை உண்டு. ஒரு பிள்ளைக்குச் சிறப்புக் கல்வியோ தொடர் சிகிச்சையோ தேவை என்றால், அதற்கான வசதி ஓகினாவாவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுமதி கிடைக்கும். இந்தத் தகவலை மறைப்பது குடும்பத்துக்கே கேடு. வந்து இறங்கிய பின் உரிய மருத்துவர் இல்லை என்று தெரிந்தால் தவிக்கப்போவது குழந்தைதான்.

பாஸ்போர்ட் வேலையையும் உடனே தொடங்கிவிடலாம். உத்தரவின் பேரில் அரசு இலவசமாகத் தரும் பாஸ்போர்ட் பணி சார்ந்த பயணத்துக்கு மட்டுமே. விடுமுறையில் தைவானோ தாய்லாந்தோ போக ஆசையிருந்தால் சாதாரணப் பாஸ்போர்ட்டும் வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இன்னும் பெறாத துணைவர், தம் பாஸ்போர்ட், கிரீன் கார்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு புறப்படும் முன்பே படையின் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போவது அவசியம். வெளிநாட்டில் பணிபுரியும் வீரர்களின் துணைவர்கள் அங்கிருந்தபடியே குடியுரிமை பெற 2008-ல் வந்த சட்டம் வழிசெய்கிறது.

படி 2: நாயும் பூனையும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம்

அதிக நாள் பிடிக்கும் வேலை இதுதான். ஜப்பானில் வெறிநாய்க்கடி நோய் இல்லை. அதை அப்படியே காப்பதில் அந்த நாடு கறாராக இருக்கிறது. அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வரும் நாய், பூனைக்கு முதலில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும். பிறகு, பிறந்து 91 நாள் கடந்த பின், முதல் வெறிநோய்த் தடுப்பூசி. குறைந்தது 30 நாள் இடைவெளி விட்டு இரண்டாவது ஊசி. அதன்பின் ரத்தப் பரிசோதனை. எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருந்தாக வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு.

வரிசை மாறினால் எல்லாம் வீண். சிப் பொருத்தும் முன் போட்ட ஊசி கணக்கில் வராது. ஜனவரி 10-ஆம் தேதி ரத்தம் எடுத்தால் ஜூலை 9-ஆம் தேதிதான் கணக்கு முடியும். அதற்கு முன்பே தரையிறங்கினால் மிச்ச நாட்களைத் தனிமைக் காவலில் கழிக்க வேண்டிவரும். வந்து சேர்வதற்கு 40 நாள் முன்பே ஜப்பானிய விலங்குத் தனிமைப்படுத்தல் துறைக்கு அறிவிப்பும் அனுப்பியாக வேண்டும். 2024 ஜனவரி முதல், கடல்கடந்த மாற்றலில் ஒரு நாய் அல்லது ஒரு பூனைக்கு 2,000 டாலர் வரை செலவைப் படை திருப்பித் தருகிறது. எனவே ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது நல்லது.

படி 3: மருந்துப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கவும்

அமெரிக்காவில் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஜப்பானில் குற்றம். கவனக்குறைபாட்டுக்குப் பல பிள்ளைகள் சாப்பிடும் ஆடரால் அதில் முதன்மையானது. ஆம்ஃபெடமின் கலந்த அந்த மருந்தை, மருந்துச் சீட்டு கையில் இருந்தாலும், ஜப்பானுக்குள் கொண்டுவர முடியாது. தபாலிலும் வரவழைக்க முடியாது. சளிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதுவும் தடை.

அதனால் புறப்படுவதற்குச் சில மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, மாற்று மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஊரில் இருக்கும் பாட்டி பேரனுக்கு அன்போடு அனுப்பும் பார்சலில் மருந்து எதுவும் இருக்கக் கூடாது என்பதை அவருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

படி 4: மூன்று குவியலாகச் சாமான்

சாமான்களை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். கையோடு வருவது, விரைவாக வந்துசேரும் சிறு சரக்கு, கப்பலில் வாரக்கணக்கில் வரும் பெரிய சரக்கு. சமைக்க ஒரு குக்கர், இரண்டு பாத்திரம், படுக்கை விரிப்பு, பிள்ளையின் பள்ளிப் பை ஆகியவை சிறு சரக்கில் போகட்டும். திருமணச் சான்று, பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பள்ளிப் பதிவேடு, உத்தரவின் பல நகல்கள் கைப்பையைத் தாண்டக் கூடாது.

மின்சாரம் பெரிய தலைவலி இல்லை. தளத்து வீடுகளில் அமெரிக்க மின்னழுத்தமே வருகிறது. வெளியே 100 வோல்ட். காரை மட்டும் விட்டுவிட்டு வர வேண்டும். 1976 மார்ச்சுக்குப் பின் தயாரான அமெரிக்கக் கார்களை ஜப்பானிய விதிக்கு ஏற்பக் கொண்டுவருவது கடினம் என்பதால், பெரும்பாலோர் அரசுச் செலவில் அமெரிக்காவிலேயே நிறுத்திவைக்கிறார்கள்.

படி 5: வந்து இறங்கிய முதல் வாரங்கள்

சியாட்டிலிலிருந்து ‘பேட்ரியட் எக்ஸ்பிரஸ்’ என்ற ராணுவ வாடகை விமானம் ஜப்பான் தளங்களுக்கு வருகிறது. வீடு ஒதுக்கப்படும்வரை தளத்தின் விடுதியான ‘ஷோகன் இன்’னில் தங்கலாம். தற்காலிகத் தங்கல் படி பொதுவாக 60 நாள் வரை உண்டு. அறை வாடகை, சாப்பாட்டுச் செலவுகளை அன்றன்றே குறித்து வைத்தால் படி கேட்கும்போது சிக்கல் வராது.

புதிதாக வருபவருக்கு உதவ அதே பிரிவிலிருந்து ஒருவரை ‘ஸ்பான்சர்’ ஆக நியமிப்பார்கள். தபால் பெட்டி எண் வாங்கித் தருவது அவர் செய்யக்கூடிய முதல் உதவி. ‘ஏ.பி.ஓ.’ முகவரி கிடைத்துவிட்டால் அமெரிக்க உள்நாட்டுக் கட்டணத்திலேயே பார்சல் வரும். பிள்ளைகளின் படிப்புக்குப் பாதுகாப்புத் துறையே நடத்தும் பள்ளிகள் தளத்துக்குள் இருக்கின்றன. கடேனா உயர்நிலைப் பள்ளி அவற்றில் ஒன்று. பிரசவம், அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கு அருகிலுள்ள கேம்ப் ஃபாஸ்டரின் கடற்படை மருத்துவமனை.

வேலை பார்க்க விரும்பும் துணைவர் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 1960-ல் கையெழுத்தான படைநிலை ஒப்பந்தத்தின் கீழ்தான் அவர் ஜப்பானில் தங்குகிறார். வேலிக்கு வெளியே வேலை, வீட்டிலிருந்து சிறு வியாபாரம், அமெரிக்க நிறுவனத்துக்கு இணையவழிப் பணி எதுவானாலும் தொடங்கும் முன் சட்ட உதவி அலுவலகத்தில் கேட்டு, தேவையான அனுமதியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

படி 6: இடதுபுறம் ஓட்டப் பழகுதல்

தமிழ்நாட்டில் ஓட்டியவருக்கு இது தாய்வீடு. அமெரிக்காவில் பழகியவருக்கோ முதல் திருப்பத்திலேயே தடுமாற்றம். இண்டிகேட்டர் போட நினைத்து இடக்கை தண்டைத் தட்டினால், வெயிலடிக்கும் சாலையில் வைப்பர் ஓடும். ஜப்பானியக் காரில் இண்டிகேட்டர் தண்டு வலப்பக்கம். தளத்துக்குள் காலி மைதானத்தில் பழகிவிட்டு, அதன்பின் கேட்டைத் தாண்டி 58-ஆம் எண் நெடுஞ்சாலைக்குப் போவது உத்தமம்.

எழுத்துத் தேர்வில் தேறினால் படை வழங்கும் ஓட்டுநர் அனுமதி கிடைக்கும். அதன்பின் பெரும்பாலோர் பழைய கார் வாங்குகிறார்கள். 660 சிசி எஞ்சின் கொண்ட ‘கேய்’ வகைச் சிறு கார் ஓகினாவாவின் குறுகிய தெருக்களுக்கு ஏற்றது. வாங்கும் முன் நம் ஊர் எஃப்.சி. போன்ற தகுதிச் சான்று எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும். அங்கிருக்கும் அமெரிக்கர்கள் அதை ‘ஜே.சி.ஐ.’ என்கிறார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அந்தச் சான்று முடியும் தறுவாயில் உள்ள கார், விலை மலிவாகத் தெரிந்தாலும் கடைசியில் செலவு வைக்கும்.

இரண்டு விதிகளில் தளர்வே கிடையாது. சிவப்பு விளக்கில் இடதுபுறம் திரும்பக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு ரத்தத்தில் 0.03 சதவீதம்தான். குடித்தவருக்குக் கார் கொடுத்தவரும், தெரிந்தே உடன் பயணித்தவரும் சட்டத்தின் பிடியில் வருவார்கள்.

படி 7: புயலுக்கு முன் பால்கனியைக் காலி செய்தல்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை தளம் புயல் எச்சரிக்கையின் நான்காம் நிலையிலேயே இருக்கும். எண் குறையக் குறைய ஆபத்து நெருங்குகிறது. 50 நாட், அதாவது மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டர் வேகக் காற்று 48 மணி நேரத்தில் வரலாம் என்றால் மூன்று. 24 மணி நேரம் என்றால் இரண்டு. 12 மணி நேரம் என்றால் ஒன்று. ‘1-இ’ அறிவித்துவிட்டால் யாரும் வெளியே வரக் கூடாது.

மூன்றாம் நிலையில் கடைக்குப் போவது நல்லது. இரண்டாம் நிலையில் ரொட்டியும் தண்ணீரும் தீர்ந்திருக்கும். பால்கனியில் இருக்கும் பூந்தொட்டி, பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள், துணி காயப்போடும் கம்பி, வாசலில் கிடக்கும் செருப்பு எல்லாம் உள்ளே வர வேண்டும். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தால், குழாய் நின்றுபோனாலும் கழிவறைக்கு உதவும். ஜன்னல் சட்டத்தின் அடியில் பழைய துண்டுகளைத் திணிக்க வேண்டும். காற்று மழையைப் பக்கவாட்டில் அடித்து, மூடிய ஜன்னலுக்குள்ளும் தண்ணீரை ஏற்றிவிடும். கையில் கொஞ்சம் யென் நோட்டுகளும் இருக்கட்டும்.

2023 ஆகஸ்டில் வந்த கானூன் புயல் ஓகினாவாவைக் கடந்துபோய், திசை மாறி, மறுபடியும் தீவை நோக்கி வந்தது. அப்போது மாகாணத்தின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருளில் மூழ்கியது. ஒரு நாளைக்கான உணவு போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

இதோடு அவசர வெளியேற்றப் பை ஒன்றும் ஆண்டு முழுவதும் தயாராக இருக்க வேண்டும். 2011 மார்ச்சில் ஜப்பானின் வடகிழக்கை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கி அணு உலை விபத்தும் நேர்ந்தபோது, ஹோன்ஷு தீவின் தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பத்தினர் அமெரிக்கா திரும்பினார்கள். பாஸ்போர்ட், உத்தரவின் நகல், மருந்து, குழந்தை உணவு ஆகியவை ஒரே பையில் இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் சற்றே எளிதாக இருந்திருக்கும்.

படி 8: வேலிக்கு வெளியே இருக்கும் ஊரை அறிதல்

ஒருவர் கேட்டைத் தாண்டாமலே மூன்றாண்டும் வாழ்ந்துவிடலாம். அப்படி வாழ்வது பெரிய இழப்பு. அண்டை வீட்டாருக்குச் செய்யும் அவமரியாதையும்கூட. ஜப்பானின் நிலப்பரப்பில் சுமார் 0.6 சதவீதமே உள்ள ஓகினாவாவில்தான், அந்நாட்டில் அமெரிக்கப் படை தனித்துப் பயன்படுத்தும் நிலத்தில் சுமார் 70 சதவீதம் இருக்கிறது. கடேனா என்ற பேரூரின் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் தளத்துக்குள் அடங்கிவிட்டது. 1959 ஜூன் 30-ஆம் தேதி கடேனாவிலிருந்து கிளம்பிய போர் விமானம் மியாமோரி தொடக்கப் பள்ளி மீது விழுந்து, 11 மாணவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். விமான இரைச்சலை எதிர்த்து ஊர் மக்கள் 1982 முதல் வழக்காடி வருகிறார்கள். கேட்டின் வாசலில் பதாகையோடு நிற்கும் முதியவரைப் பார்த்து ஒரு பிள்ளை காரணம் கேட்டால், இந்த வரலாற்றைச் சொல்லக்கூடிய நிலையில் பெற்றோர் இருக்க வேண்டும்.

தொடக்கம் எளிது. ஆண்கள் ‘ஹாய்சாய்’ என்றும் பெண்கள் ‘ஹாய்தாய்’ என்றும் ஓகினாவா மொழியில் வணக்கம் சொன்னாலே கடைக்காரர் முகம் மலரும். வெளியே வீடு எடுத்தால் குப்பையை அந்தந்த நாளுக்குரிய வகைப்படி பிரித்து வைப்பதே நல்ல அண்டைவீட்டாருக்கு அடையாளம். முன்னோரை வரவேற்கும் ஓபோன் நாட்களில் மேளம் கொட்டி ஆடும் ‘எய்சா’வைத் தெருவில் நின்று பார்க்கலாம். ஜூன் 23, ஓகினாவாப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுநாள். மாபுனியில் 1995-ல் எழுப்பப்பட்ட அமைதிக் கற்களில் ஓகினாவா மக்கள், ஜப்பானியர், அமெரிக்கர் என்று பாகுபாடு இல்லாமல் 2,40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளை ஒருமுறையாவது அங்கே அழைத்துப் போக வேண்டும்.

கடலுக்குப் போகும்போது ஒரு சிறு பாட்டில் வினிகர் எடுத்துப் போவது உள்ளூர்ப் பழக்கம். கோடையில் வரும் ‘ஹாபு’ ஜெல்லிமீன் தீண்டினால் அந்த இடத்தைத் தேய்க்காமல், வினிகர் ஊற்றிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

படி 9: கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பு

திரும்பும் வேலையும் வரும் வேலை அளவுக்கு நீளமானதே. பள்ளிப் பதிவேடு, மருத்துவக் கோப்பு, பல் மருத்துவக் கோப்பு மூன்றின் நகல்களையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட வேண்டும். ஓகினாவாவில் குழந்தை பிறந்திருந்தால், வெளிநாட்டில் பிறந்த அமெரிக்கக் குடிமகன் என்ற தூதரகச் சான்றையும் குழந்தையின் பாஸ்போர்ட்டையும் பிறந்த சில வாரங்களிலேயே பெற்றுவிடுவது நல்லது. கடைசி மாதத்துக்குத் தள்ளினால் விமான டிக்கெட் தயாராக இருந்தும் குழந்தைக்கு ஆவணம் இருக்காது.

கார்தான் கடைசிக் கண்ணி. ஏப்ரல் 1-ஆம் தேதி யார் பெயரில் கார் பதிவாகியிருக்கிறதோ அவருக்கே அந்த ஆண்டின் சாலை வரி வரும். வசந்தத்தில் கிளம்புகிறவர்கள் மார்ச் முடிவதற்குள், புதிதாக வரும் குடும்பத்துக்கு விற்றுப் பெயர் மாற்றிவிட வேண்டும். ஓடாத காராக இருந்தால் முறைப்படி பதிவை நீக்கி உடைப்புக்குக் கொடுத்து, அதற்கான தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். சாவியை நண்பரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறவர், அந்த நண்பர் பெயரில் முறையான அதிகாரப் பத்திரம் ஒன்றையும் சட்ட உதவி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால்தான் அவர் அந்தக் காரை விற்க முடியும்.