மெத்தனாலில் கோபுரம், ரத்தத்தில் குட்டிச்சுவர்

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று இரவு ஒன்பது மணிக்கு நீ போன் செய்தபோது அழாத குறைதான். "அக்கா, ஸ்டாண்டர்டு போட்டால் பீக் கோபுரம் மாதிரி நிற்கிறது. அதே அளவு மருந்தை ரத்தத்தில் கலந்து போட்டால் பாதிகூட வரவில்லை. மெஷின் போயிடுச்சா?" என்றாய். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை இது. அதனால் எழுதுகிறேன். உன்னைப் போல, உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் (நமக்கு 'டாக்ரோ') மருந்தின் லெவல் பார்க்கிற பெஞ்சுக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

மெஷின் போகவில்லை. ஒன்று சுத்த மெத்தனாலில் இருந்தது, மற்றொன்று ரத்தத்தில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள்தான் நம் பிழைப்பே இருக்கிறது.

பள்ளியில் சாக்பீஸில் மைப்புள்ளி வைத்துத் தண்ணீரில் நிறுத்தி, நிறங்கள் பிரிந்து ஏறுவதைப் பார்த்திருப்பாய். ரஷ்யத் தாவரவியலாளர் ட்ஸ்வெட் வார்சாவில் இலையின் நிறமிகளைப் பிரித்துக்காட்டியதும் கிட்டத்தட்ட அதே சாக்பீஸ் தூளில்தான். 1903-இல் அதைப்பற்றிப் பேசினார், 1906-இல் 'குரோமடோகிராஃபி' என்று பெயர் வைத்தார். அவர் பெயருக்கே ரஷ்ய மொழியில் நிறம் என்றுதான் பொருள். அவருக்குப் பிரிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டாக்ரோவுக்கு நிறமில்லை, புறஊதா ஒளியிலும் உருப்படியாகத் தெரியாது. ஒரு மில்லி ரத்தத்தில் 5 முதல் 15 நானோகிராம் வரை இருந்தாலே பெரிய விஷயம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதனால்தான் கலவையைப் பிரிக்கும் காலத்துக்கு (column) பின்னால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைக் கட்டிவைத்திருக்கிறோம்.

(காலம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருமுறை ஸ்டோர்ஸில் போய், "காலம் போச்சுங்க, புதுசு வேணும்" என்றேன். அங்கிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எல்லாருக்கும்தாம்மா போச்சு" என்றார்.)

உன் பீக் எங்கே போனது என்பதற்கு வருகிறேன். ஜிங்க் சல்பேட்டும் மெத்தனாலும் விட்டுக் கலக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை எடுத்தாய். சிவப்பணு உடைந்தது, புரதம் அடியில் உட்கார்ந்தது. கண்ணுக்குத் தெளிந்த நீர். ஆனால் பாஸ்போலிப்பிட் என்கிற கொழுப்பு மெத்தனாலில் கரைந்து அந்தத் தெளிவோடு கூடவே வந்துவிட்டது. காலத்தைவிட்டு அது வெளியே வரும் நேரமும் டாக்ரோ வரும் நேரமும் ஒன்றானால் தீர்ந்தது கதை. ஸ்பிரே நுனியில் தெறிக்கும் நுண்துளிகளில் மின்னூட்டம் அளவாகத்தான் இருக்கும். முகூர்த்த நாள் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள் மாதிரி கொழுப்பு முந்திக்கொள்ளும். மருந்து ஏற முடியாமல் கீழேயே நின்றுவிடும். உள்ளே ஏறியவர்களைத்தான் டிடெக்டர் எண்ணுகிறது. கொழுப்பையோ அது காட்டவே காட்டாது, ஏனென்றால் டாக்ரோவின் எடையை மட்டும் பார் என்று நாம்தான் சொல்லி வைத்திருக்கிறோம். பேஸ்லைன் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், பீக் மட்டும் குட்டையாக இருக்கும். இந்தச் சுத்தமான பேஸ்லைனைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி.

திருடனைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. காலத்துக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் நடுவே ஒரு டி-இணைப்பைப் போட்டு, சிரிஞ்ச் பம்பில் டாக்ரோ கரைசலை விடாமல் செலுத்து. திரையில் ஒரு நேர்கோடு ஓடும். இப்போது மருந்தே இல்லாத ரத்தத்தை வழக்கம்போலத் தயாரித்து இன்ஜெக்ட் செய். கோட்டில் எங்கே பள்ளம் விழுகிறதோ அங்கேதான் கொழுப்பு வருகிறது. உன் பீக் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்தால், கிரேடியன்டை மாற்றி அதை வெளியே நகர்த்து. அரை நிமிடம் தள்ளிப்போனாலே பல சமயம் பிழைத்துவிடும். ரன் நீளுகிறதே என்று மேலே உள்ளவர்கள் முனகுவார்கள், முனகட்டும்.

இன்டர்னல் ஸ்டாண்டர்டாக நீ அஸ்கோமைசின் போடுகிறாய் என்று நினைக்கிறேன். டாக்ரோவுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி அது. முகஜாடை உண்டு, ஆனால் வரும் நேரம் கொஞ்சம் பிசகலாம். கார்பன்-13 ஏற்றிய டாக்ரோ இரட்டைப் பிள்ளை. இருவரும் ஒரே பள்ளத்தில் ஒன்றாக விழுவார்கள், அதனால் விகிதம் கெடாது. விலை கசக்கும். வாங்கச் சொல்லி எழுதிக் கொடு.

மெஷினைப் பற்றிய பேச்சு இதோடு போதும். பிரஷரைக் குறித்துவைப்பது, பிளாங்க் ஓட்டுவதெல்லாம் உனக்கே கைவந்திருக்கும். மெஷினுக்கு வெளியே நடப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

டாக்ரோ சிவப்பணுவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் மருந்து. அதனால்தான் பிளாஸ்மாவை விட்டுவிட்டு முழு ரத்தத்தில் அளக்கிறோம். ஈடிடிஏ டியூப் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் நின்றால் அணுக்கள் கீழே இறங்கியிருக்கும். கலக்காமல் மேலாக பைப்பெட் வைத்தால் உனக்குக் கிடைப்பது மருந்து அதிகமில்லாத மேல்தண்ணீர். மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கு, கட்டி இருக்கிறதா என்று பார். ரத்தம் எடுத்தது காலை மாத்திரைக்கு முன்பா, விழுங்கிய பின்பா? ஃபாரத்தில் எழுதியிருக்காது. வார்டுக்குப் போன் போட்டுக் கேள்.

நான் கேட்காமல் விட்ட ஒரு நாளைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், எலும்பு மஜ்ஜை மாற்றிய ஒரு குழந்தை. லெவல் 60-ஐத் தாண்டி வந்தது. மறுபடி ஓட்டினேன், அதேதான். தரச்சோதனை மாதிரிகள் (கியூசி) எல்லாம் வரம்புக்குள். நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். வார்டில் மருந்தை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மூத்த நர்ஸ் ஒருவர்தான் கண்டுபிடித்தார்: டாக்ரோ ஏறிக்கொண்டிருந்த அதே லைனிலிருந்து ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் குழாயில் மருந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுக்கும் ரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். கைநரம்பில் எடுத்துப் பார்த்தபோது லெவல் தரையில் கிடந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. டியூபில் இருந்ததை மெஷின் சரியாகத்தான் அளந்தது. டியூபில் இருந்தது குழந்தையின் உடம்பில் இருக்கவில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கியூசி 15 சதவீதத்துக்கு ஒரு முடி தள்ளி நிற்கும்போது, பீக்கின் அடிக்கோட்டைச் சற்று இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று கை அரிக்கும். இழுக்காதே. இழுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஏன் என்று எழுதிவை, ஸ்டாண்டர்டுக்கும் நோயாளிக்கும் ஒரே மாதிரி இழு.

ஞாயிற்றுக்கிழமை உன் லேபுக்கு வருகிறேன். டி-இணைப்பு என் மேஜையில் கிடக்கிறது, கொண்டுவருகிறேன். ரத்த வங்கியில் முறைப்படி கேட்டு, மருந்து எடுக்காத ஆறு வேறு ஆட்களின் ரத்தம் வாங்கி வை. ரத்தத்தின் குறுக்கீட்டைச் சோதிக்க, 2022-இல் இறுதியான ஐசிஎச் எம்10 வழிகாட்டி ஆறு பேராவது வேண்டும் என்கிறது. மருந்து ஆய்வுகளுக்காக எழுதியதுதான், என்றாலும் நான் அதைத்தான் பிடித்துக்கொள்வது. ஒரே ஆளின் ரத்தத்தை ஆறாகப் பிரித்து வைத்துவிடாதே, அப்படியும் செய்தவர்கள் உண்டு. கொழுப்பு மிதக்கும் ரத்தமும் ஒன்று வேண்டும். நெய் வழியும் வெண்பொங்கலைக் காலையில் ஒரு பிடி பிடித்துவிட்டு வருகிறவர் உங்கள் லேபிலேயே யாராவது இருப்பார், அவரிடம் கேட்டுப் பார்.

அன்புடன்,
அக்கா