இன்னும் தோண்டவேண்டுமா என்று கேட்டாய்

மயூர் விஹார் ஃபேஸ் 1,
டெல்லி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் உன் குரலில் இருந்த பதற்றத்தில் எதுவும் காதில் ஏறியிருக்காது. அதனால்தான் கடிதம். இரண்டு தடவை படி.

பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் 'ஏ.எஸ்.சி.-யூ.எஸ்.' என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர், ஒரு வருஷம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் கோல்போஸ்கோபி செய்யலாம் என்கிறார். அண்ணியோ, "கிளறக் கிளறத்தான் வரும், பேசாமல் விட்டுவிடு" என்கிறார். "இன்னும் தோண்டவேண்டுமா அத்தை?" என்று கேட்டாய்.

ஒரு படி போ. அங்கே நின்று, கிடைத்த பதிலைப் பார். அடுத்த படியை அதற்கப்புறம் தீர்மானிக்கலாம். மொத்தப் பாதையையும் இன்றைக்கே நடந்து முடிக்கவேண்டும் என்று நினைப்பதால்தான் உனக்குக் கால் நடுங்குகிறது.

அந்த எழுத்துகள் சொல்வது இவ்வளவுதான்: கர்ப்பப்பை வாயின் மேல்தோல் செல்களில் சில வழக்கமான உருவத்தில் இல்லை, ஏன் என்று ஸ்லைடைப் பார்த்தவரால் உறுதியாகச் சொல்லமுடியவில்லை. புற்றுநோய் என்று அதில் எழுதவில்லை. ஒன்றுமில்லை என்றும் எழுதவில்லை. சாதாரண அழற்சியிலும் செல் அப்படித் தெரியலாம், எச்.பி.வி. வைரஸ் இருந்தாலும் தெரியலாம். அந்த வைரஸ் தொற்று புற்றுநோயாக மாற, எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கும் பெண்ணுக்குப் பொதுவாக 15 முதல் 20 வருஷம் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே நாளைக் காலைக்குள் எதுவும் ஆகிவிடாது. ஆனால் அந்த அவகாசம் பதில் தேடுவதற்கு. ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதற்கு இல்லை. பூட்டியவள் சொல்கிறேன்.

1996-ல் நாங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்மியரில் எனக்கும் இதே மாதிரி ஒரு வரி வந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் பழுப்பு உறையை நீட்டினார். டாக்டர் அன்றைக்கு லீவ், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். நான் போகவில்லை. உறையைப் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். காலையில் ஆபீஸுக்குப் புடவை எடுக்கும்போதெல்லாம் அதன் ஓரம் தெரியும். கடைசியில் அந்தத் தட்டிலிருந்து புடவை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். தீட்டு இரண்டு நாள் தள்ளிப்போனால் ராத்திரித் தூக்கம் போய்விடும். உன் மாமாவிடம்கூட மூச்சு விடவில்லை. இப்படியே பதினான்கு மாதம்.

என்னைக் கிளப்பிவிட்டது 1997-ல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தி. 1976-லிருந்து 1988 வரை, இதே டெல்லியில், ஐ.சி.எம்.ஆரைச் சேர்ந்த சைட்டாலஜி ஆராய்ச்சி நிலையம் ஓர் ஆய்வு நடத்தியிருக்கிறது. கர்ப்பப்பை வாயில் செல் மாற்றம் இருந்த 1,158 பெண்களை, அந்த மாற்றம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காகச் சிகிச்சை கொடுக்காமல் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 71 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அவர்களில் 9 பேருக்கு அது ஊடுருவும் நிலைக்கே போய்விட்டது. இது புற்றுநோயாக மாறக்கூடும் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லவில்லை, எழுத்தில் சம்மதமும் வாங்கவில்லை என்பதெல்லாம் அந்த வருஷம்தான் வெளியே வந்தது.

ஆபீஸில், சாஸ்திரி பவன் கேண்டீனில் உட்கார்ந்து அதைப் படித்தேன். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வரவில்லை என்ற கணக்கு முதலில் கண்ணில் படவே இல்லை; அந்த 71 பேர்தான் பட்டார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கோ சொல்வதற்கென்றே ஒரு காகிதம் வீட்டில் இருந்தது. அவர்களிடம் மற்றவர்கள் மறைத்ததை, நான் எனக்கு நானே மறைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அரைநாள் லீவ் போட்டுவிட்டுப் போனேன். திரும்ப எடுத்ததில் அழற்சி என்று வந்தது; மாத்திரையோடு முடிந்தது. அந்தப் பதினான்கு மாதம் மட்டும் போனது போனதுதான்.

உனக்கு இப்போது எந்தப் படி? எச்.பி.வி. பரிசோதனை. உனக்கு எடுத்த ஸ்மியர் கண்ணாடியில் பூசியதா, திரவத்தில் எடுத்ததா என்று லேபில் கேள். திரவம் என்றால் மிச்சத்திலேயே இந்தப் பரிசோதனையைச் செய்யமுடியுமா என்று கேட்கலாம். இரண்டாம் தடவை படுக்கவேண்டியிருக்காது. வைரஸ் இல்லை என்று வந்தால், இந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. டாக்டர் சொல்லும் அடுத்த தவணைவரை நிம்மதியாக இரு. இருக்கிறது என்று வந்தால் கோல்போஸ்கோபிக்குப் போவதுதான் சரி. பார், உன் இரண்டு டாக்டர்களுமே தப்பாகச் சொல்லவில்லை. நடுவில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இந்த ஒரு பரிசோதனையின் பலம் நம் நாட்டிலேயே தெரிந்த விஷயம். மகாராஷ்டிரத்தில் அப்போதைய உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில், ஒரே ஒரு தடவை எச்.பி.வி. பார்த்த பெண்களிடையே இந்தப் புற்றுநோயால் வரும் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2009-ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டாலோ, இரண்டு தீட்டுக்கு நடுவில் பட்டாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ரிப்போர்ட் எதுவானாலும் உடனே டாக்டரைப் பார்க்கவேண்டும்.

நீ வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று உண்டு, பாப்பா. எச்.பி.வி. என்று வந்துவிட்டால் மாப்பிள்ளை என்ன நினைப்பார், அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நீ என்ன நினைப்பாய் என்பதுதானே? அது உடலுறவு வழியாக வரும் வைரஸ், உண்மைதான். ஆனால் உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கும் என்றைக்காவது வந்து போவது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு வருஷக்கணக்கில் ஒளிந்திருந்து பிறகு தெரியும். யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. அது யார் நடத்தைக்கும் சான்றிதழ் இல்லை. இதை மாப்பிள்ளையிடம் பரிசோதனைக்குப் போகும் முன்பே சொல்லிவிடு. பின்னால் சொன்னால் விளக்கம் கொடுக்கிற மாதிரி ஆகிவிடும். உனக்கு வாய் வரவில்லை என்றால் என்னிடம் போனைக் கொடு, நான் பேசுகிறேன்.

கோல்போஸ்கோபி வரைக்கும் போகவேண்டியிருந்தால் அதுவும் பயப்படுகிற சங்கதி இல்லை. பூதக்கண்ணாடி வைத்த விளக்கு என்று நினைத்துக்கொள். ஸ்மியர் எடுக்கும்போது போலவேதான் படுக்கவேண்டும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். அறை முழுக்க வினிகர் வாடை அடிக்கும். மாறிய இடம் ஒரு நிமிஷத்தில் வெள்ளையாகத் தெரியும். அங்கிருந்து அரிசி நொய் அளவுக்கு ஒரு துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். தீட்டு வலி மாதிரி ஒரு சுருக். சில நாள் பழுப்பாகப் படும். அதற்காகப் பிள்ளை பெறும் பாக்கியம் கெடாது; உன் மாமியாருக்கும் இதைச் சொல். இதே வினிகர் தடவல்தான், பூதக்கண்ணாடிகூட இல்லாமல், நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நர்ஸுகள் கையால் நடந்தது. அது நடந்த கிராமங்களில் இந்தப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் வெளிவந்தது. தேசிய குடும்பநல ஆய்வு 2019-21 கணக்கில், இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனை எதுவும் செய்துகொண்டதில்லை. நீ செய்துகொண்டாய். பாதி ஆறு தாண்டியவள், நடு ஆற்றில் நிற்காதே.

இனி, எங்கே நிறுத்துவது என்பது. டெல்லியில் 1995-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சட்டப் புத்தகங்களில் அந்தப் பெண்ணின் பெயரிலேயே வழக்கு நிற்கிறது. நான் இங்கே எழுதவில்லை. 44 வயது, கல்யாணம் ஆகாதவர். தீட்டு நிற்காமல் போகிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். லேப்ராஸ்கோபி வைத்துப் பார்ப்பதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மயக்கத்தில் படுத்திருந்தார். அந்த நேரத்தில் வெளியே இருந்த அவர் அம்மாவிடம் சம்மதம் கேட்டுக் கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. சுயநினைவுக்கு வந்ததும் அவரையே கேட்டிருக்கலாம், உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லாதபோது அம்மாவின் சம்மதம் செல்லாது என்றார்கள். நஷ்ட ஈடு 25,000 ரூபாய். அந்தத் தொகையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு உன் கையில் இருக்கிறது.

அதனால், நீட்டுகிற ஃபாரத்தைக் கண்ணாடி போட்டுப் படி. சில இடங்களில் வெள்ளையாகத் தெரிந்ததுமே அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடும் வழக்கமும் உண்டு. சில பேருக்கு அதுதான் நல்லது. ஆனால் உனக்குக் குழந்தை வேண்டும். அந்த வெட்டு, பிரசவம் முன்கூட்டி ஆகும் அபாயத்தைக் கொஞ்சம் கூட்டலாம். "இன்றைக்குப் பயாப்ஸி மட்டும், மற்றது ரிப்போர்ட் பார்த்த பிறகு" என்று வாயாலும் சொல், கையாலும் எழுது. இந்த ஒரு ஸ்மியரை வைத்துக்கொண்டே யாராவது கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடு. இன்னொரு டாக்டரிடம் ஸ்லைடைக் காட்டலாம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் உன் மருத்துவப் பதிவேடுகளைக் கொடுக்கவேண்டும் என்பது 2002-லிருந்தே டாக்டர்களுக்கு உள்ள விதி. தயங்காமல் கேள், அது உன் உடம்பின் காகிதம்.

எச்.பி.வி. ரிப்போர்ட் எப்படி வந்தாலும் முதலில் எனக்குப் போன் பண்ணு. தேவைப்பட்டால் எய்ம்ஸுக்கு நான் கூட வருகிறேன், ஓ.பி.டி. டோக்கனை ஆன்லைனில் இங்கிருந்தே போட்டுவிடலாம். நீ முந்தின நாள் ராத்திரியே இங்கே வந்து படுத்துக்கொள். காலையில் பிங்க் லைனில் ஏறி ஐ.என்.ஏ.வில் மாறினால் அடுத்த ஸ்டேஷன்தான். தீட்டு இல்லாத தேதியாகப் பார்த்துச் சொல். பழைய ரிப்போர்ட்டின் ஒரிஜினலை எடுத்து வா, ஜெராக்ஸ் போதாது. எலுமிச்சை சாதம் கட்டி வைக்கிறேன், அங்கே எத்தனை மணியாகுமோ.

உன் அத்தை