சிவப்புக் குறி வந்தால் கோப்புகள் போய்விட்டனவா?

கணினியைத் திறந்ததும் 'இசட்' டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி தெரிகிறது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள், நிலப் பத்திரத்தின் ஸ்கேன், வருமான வரிக் கணக்கு எல்லாம் அந்த நெட்வொர்க் டிரைவில்தான். பதற்றம் வரத்தான் செய்யும். ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: இணைப்பு அறுந்ததால் கோப்பு அழிவதில்லை. அறுந்த இணைப்பைச் சரிசெய்யப் போய்க் கோப்புகளை அழித்துக்கொண்டவர்கள்தான் உண்டு.

'நாஸ்' எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி வெறும் ஹார்ட் டிஸ்க் அல்ல. பெரும்பாலும் லினக்ஸில் ஓடும் ஒரு தனிக் கணினி. மின்சாரம், கேபிள், ஐ.பி. முகவரி, பாஸ்வேர்ட், இரு கணினிகளும் பேசிக்கொள்ளும் முறை எல்லாம் கூடி வந்தால்தான் அது உங்கள் திரையில் ஒரு டிரைவாகத் தெரியும். இவற்றில் எது பிசகினாலும் டிரைவ் காணாமல் போகும். அப்போது வீடுகளில் அதிகம் கேட்கும் நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: சிவப்புக் குறி வந்தால் டிஸ்க் பழுது.

உண்மை: அந்தக் குறி சொல்வது, 'இந்த நொடியில் இணைப்பு இல்லை' என்பதை மட்டுமே. கணினி வைஃபையைப் பிடிப்பதற்கு முன்பே விண்டோஸ் நெட்வொர்க் டிரைவைத் தேடிவிட்டால் குறி விழுந்துவிடும். நெடுநேரம் டிரைவைத் தொடாமல் இருந்தாலும் விழலாம். பல நேரம் அதன் மேல் இருமுறை கிளிக் செய்தாலே திறந்துவிடும். நாஸ் உறக்கத்தில் இருந்தால் டிஸ்க் சுழலத் தொடங்கச் சில நொடிகள் பிடிக்கும், பொறுத்திருங்கள்.

திறக்கவில்லையா? அதே வைஃபையில் இருக்கும் செல்போனில், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, நாஸைத் திறந்து பாருங்கள். போனில் திறந்தால் நாஸ் நலம், கோளாறு கணினியில். போனிலும் திறக்காவிட்டால் நாஸின் பின்புறம் லேன் கேபிள் செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிளையும் ரவுட்டரின் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். தேட வேண்டிய இடம் இந்த ஒரே சோதனையில் பாதியாகக் குறைந்துவிடும்.

வலது கிளிக்கில் வரும் 'டிஸ்கனெக்ட்' என்ற சொல்லுக்கும் பலர் பயப்படுகிறார்கள். அதை அழுத்தினால் கணினியில் உள்ள 'இசட்' என்ற குறுக்குவழி மட்டுமே நீங்கும். நாஸில் உள்ள கோப்பு எதையும் அது தொடாது.

நம்பிக்கை 2: யூடியூப் ஓடுகிறது, ஆகவே நெட்வொர்க் சரியாக இருக்கிறது.

உண்மை: இணையத்துக்குப் போகும் வழி வேறு, வீட்டுக்குள் நாஸுக்குப் போகும் வழி வேறு. விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் கணினி இணைந்திருந்தால் இணையம் கிடைக்கும். வீட்டின் மற்றக் கருவிகளை அணுக ரவுட்டர் விடாது. ஃபைபர் இணைப்போடு வந்த மோடத்தின் வைஃபை ஒன்று, நாமாக வாங்கி வைத்த ரவுட்டரின் வைஃபை ஒன்று என இரண்டு இருக்கும் வீடுகளில் கணினி ஒன்றிலும் நாஸ் மற்றொன்றிலும் சிக்கிக்கொள்வது உண்டு. அலுவலக வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தாலும் வீட்டுக் கருவிகள் மறையலாம். வி.பி.என்.னை நிறுத்தி, எந்த வைஃபையில் இருக்கிறோம் என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

நம்பிக்கை 3: 'நெட்வொர்க்' பட்டியலில் பெயர் இல்லை என்றால் நாஸ் இயங்கவில்லை.

உண்மை: அந்தப் பட்டியல் ஒரு வசதிதான். தெருவின் பெயர்ப்பலகை விழுந்துவிட்டதால் வீடு இடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. நாஸின் ஐ.பி. முகவரி தெரிந்தால் நேராகப் போகலாம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் அந்த முகவரி இருக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரின் மேல்வரியில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, \\192.168.1.20 என்பதுபோல உங்கள் நாஸின் முகவரியைத் தட்டி என்டர் அழுத்துங்கள். ஃபோல்டர்கள் வந்துவிட்டால் கோளாறு பெயரில் மட்டுமே.

கரண்ட் போய் வந்த பிறகு டிரைவ் காணாமல் போகிறது என்றால் முகவரி மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ரவுட்டர் கருவிகளுக்கு முகவரியைத் தற்காலிகமாகத்தான் கொடுக்கிறது. மீண்டும் உயிர் பெறும்போது நாஸுக்கு வேறு எண் போகலாம். பழைய எண்ணில் பதிந்த டிரைவ் ஆளில்லாத இடத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் நாஸுக்கென்று ஒரே முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

நம்பிக்கை 4: பாஸ்வேர்ட் சரியாகத்தான் போடுகிறேன், நாஸ்தான் ஏற்க மறுக்கிறது.

உண்மை: கணினியைத் திறக்கும் பின் நம்பர் நாஸுக்குச் செல்லாது. நாஸில் உருவாக்கிய பயனர் பெயரும் அதற்குரிய பாஸ்வேர்டும்தான் வேண்டும். நாஸில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் விண்டோஸ் பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு அனுப்பும். தேடல் பெட்டியில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்று தேடித் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியைப் பாருங்கள். நாஸின் பெயரில் ஒரு வரி, ஐ.பி. முகவரியில் இன்னொரு வரி என்று இரண்டுகூட இருக்கலாம். இரண்டையும் நீக்கி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, புதிதாக உள்ளே செல்லுங்கள். ஒரே நாஸுக்கு ஒரே நேரத்தில் இரு பயனர் பெயர்களில் செல்ல விண்டோஸ் விடாது. 1219 என்ற பிழை எண் வந்தால் அதுவே காரணம்.

நம்பிக்கை 5: நேற்று வரை ஓடியது, நான் எதையும் மாற்றவில்லை, ஆகவே நாஸ் கெட்டுவிட்டது.

உண்மை: நீங்கள் மாற்றாவிட்டாலும் விண்டோஸ் அப்டேட் மாற்றியிருக்கலாம். விண்டோஸும் நாஸும் கோப்புகளைப் பகிர்வது எஸ்.எம்.பி. என்ற முறையில். அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்தப் பழைய முறையை விண்டோஸ் படிப்படியாக விலக்கத் தொடங்கியது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, புரோ கணினிகளில் பாஸ்வேர்ட் இல்லாத 'கெஸ்ட்' நுழைவையும் மூடிவிட்டது. பாஸ்வேர்ட் இல்லாமலே இத்தனை நாள் திறந்த நாஸ், அப்டேட்டுக்கு மறுநாள் திறக்காமல் போவது இதனால்தான்.

பழைய முறையை மீண்டும் இயக்கினால் போதும் என்று பலர் வழி சொல்வார்கள். அது மூடிய ஓட்டையை நாமே திறப்பது. நாஸின் மென்பொருளைப் புதுப்பித்து, அதன் அமைப்பில் எஸ்.எம்.பி. 2 அல்லது 3-ஐத் தேர்ந்து, பாஸ்வேர்டோடு ஒரு பயனரை உருவாக்குங்கள். முதல் பதிப்பைத் தவிர வேறொன்றும் அறியாத பழைய பெட்டி என்றால், கோப்புகளை வேறிடம் மாற்றிவிட்டு அதற்கு ஓய்வு கொடுப்பதே நல்லது.

நம்பிக்கை 6: ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டால் இணைப்பு வந்துவிடும்.

உண்மை: வீட்டுக்குள் இருக்கும் கணினி வீட்டுக்குள் இருக்கும் நாஸை அடைய ரவுட்டரின் வெளிவாசலைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. திறந்தால் உலகமே உள்ளே வரும். 2021 ஜூனில், இணையத்துக்குத் திறந்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் பெட்டிகளை யாரோ தொலைவிலிருந்தே ஃபேக்டரி ரீசெட் செய்தார்கள். பலரின் பல ஆண்டுச் சேமிப்பு ஒரே இரவில் போனது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற வைரஸ், அப்படித் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு பிட்காயின் கேட்டது.

நம்பிக்கை 7: டிஸ்கைக் கழற்றிக் கணினியில் செருகினால் கோப்புகளை எடுத்துவிடலாம்.

உண்மை: எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை இதுதான். நாஸ்கள் பெரும்பாலும் ஈ.எக்ஸ்.டி.4 அல்லது பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற லினக்ஸ் கோப்பு முறைகளில் எழுதுகின்றன. விண்டோஸுக்கு அவற்றை நேரடியாகப் படிக்கத் தெரியாது. தெரியாத டிஸ்கைக் கண்டதும் 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்றோ 'இனிஷியலைஸ் செய்யவா' என்றோ அது கேட்கலாம். நலமாக இருக்கும் டிஸ்கைப் பார்த்துத்தான் இப்படிக் கேட்கிறது. 'ஓகே' கொடுத்த கணத்தில் சாதாரண இணைப்புக் கோளாறு உண்மையான இழப்பாகிவிடும். அப்படி ஒரு கேள்வி வந்தால் 'கேன்சல்' கொடுங்கள். டிஸ்கைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் நாஸை முறையாக அணைத்துவிட்டு, எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று எண் எழுதி ஒட்டுங்கள். பிறகு லினக்ஸ் தெரிந்தவரிடம் கொடுத்து, எழுதாமல் படிக்க மட்டும் சொல்லுங்கள். பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் பொத்தானும் அப்படித்தான்: உங்கள் மாடலில் அது எதை அழிக்கும், எதை விட்டுவைக்கும் என்று கையேட்டில் படித்த பிறகே அதில் விரல் வையுங்கள்.

நம்பிக்கை 8: இரண்டு டிஸ்க் போட்டிருக்கிறேன், அதனால் பேக்கப் இருக்கிறது.

உண்மை: ஒரே கோப்பு இரண்டிலும் பதியும்படி அமைத்திருந்தால், ஒன்று பழுதாகும்போது இன்னொன்று தாங்கும், அவ்வளவுதான். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். பேக்கப் என்றால் பெட்டிக்கு வெளியே இன்னொரு பிரதி.

ஆகவே வரிசை இதுதான்: விளக்கு, கேபிள், வைஃபை, முகவரி, பாஸ்வேர்ட், அப்டேட். திரும்பப் பெற முடியாத எந்தக் காரியத்தையும், ஃபார்மேட்டோ ரீசெட்டோ, இவை அத்தனையும் பார்த்து முடிக்கும் வரை தொடாதீர்கள். இணைப்பு திரும்பி வந்ததும் வேறு வேலைக்குப் போகாமல், படங்களையும் பத்திரங்களையும் ஒரு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். அடுத்த முறை சிவப்புக் குறி வரும்போது நிதானமாகத் தேட அந்த ஒரு பிரதி போதும்.