பிசையாமலே பிரெட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெரிய காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் பிரெட் என்றால் பேக்கரியில் வாங்குவதுதான். "வீட்டிலேயே சுடலாமே" என்றால், "நாளெல்லாம் தறியில உட்கார்ந்த கையோட மாவு வேற பிசையணுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிசையவே வேண்டாம் என்பதுதான் பதில்.

நம்பிக்கை: அடித்துப் பிசைந்தால்தான் பிரெட் உப்பும்.

உண்மை: கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் இவை பிணைந்து குளூட்டன் வலையாகின்றன. ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்து வைப்பது இந்த வலைதான். பிசைந்தால் வலை சீக்கிரம் உருவாகிறது, அவ்வளவே. மாவு தளர்வாகப் பல மணி நேரம் கிடந்தால் அது தானாகவே உருவாகும். உள்ளே கிளம்பும் குமிழிகளே மாவை இழுத்துக் கொடுக்கும். நியூயார்க்கில் பேக்கரி நடத்தும் ஜிம் லாஹியின் இந்த முறையை, 2006 நவம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் மார்க் பிட்மன் எழுதினார். அதன் பிறகுதான் பல நாட்டு வீடுகளில் இது பரவியது.

400 கிராம் மைதா, 280 முதல் 300 மில்லி தண்ணீர், ஒன்றேகால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். கரண்டியால் கிளறி மூடி வைத்தால் போதும். மாவு பிசுபிசுவென்று கையில் ஒட்டும். பயந்துபோய் மேலும் மைதா கொட்டாதீர்கள். அந்த ஈரம்தான் உங்களுக்குப் பதிலாக உழைக்கிறது. ஈஸ்ட்டைக் கூட்டவும் வேண்டாம். வேகமாகப் பொங்கி வேகமாக அமுங்கும், ருசியும் சேராது.

நம்பிக்கை: 18 மணி நேரம் என்றால் 18 மணி நேரம் வைக்க வேண்டும்.

உண்மை: நம் ஊரில் பலருக்கு பிரெட் கெட்டுப்போவது இங்கேதான். 12 முதல் 18 மணி நேரம் என்பது 21 டிகிரி அறைக்கான கணக்கு. காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்திலேயே மாவு தயாராகிவிடும். மார்கழியில் இட்லி மாவு பொங்க மறுப்பதையும் கோடையில் பாத்திரத்தை விட்டு வழிவதையும் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடிகாரத்தை விடுங்கள், மாவைப் பாருங்கள். இரண்டு மடங்காகி, மேலெல்லாம் குமிழி வெடித்திருந்தால் எடுத்துவிடலாம். நடு அமுங்கிச் சாராய வாடை அடித்தால் நேரம் தப்பிவிட்டது. இரவில் கலக்கிக் காலையில் சுட நினைத்தால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். கடும் வெயில் காலமானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

நம்பிக்கை: இட்லி மாவு புளிப்பதும் இதுவும் ஒன்றே. அரிசி மாவிலும் இப்படிச் செய்யலாம்.

உண்மை: சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் மணிக்கணக்கில் வேகிறது. பிசையாமல், பொறுமையாகப் புளிக்க வைக்கும் கலை இந்த ஊருக்குப் புதிதே அல்ல. ஆனால் அங்கே வேலை செய்வதில் முக்கியமானது லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. காற்றைத் தாங்குவது உளுந்து. அரிசியில் குளூட்டன் கிடையாது, ஆகவே வெறும் அரிசி மாவு பிரெட்டாக நிற்காது. பிசையாத பிரெட்டில் குளூட்டன் இல்லை என்று சிலர் சொல்வது அதைவிட ஆபத்தான பிழை. குளூட்டன் ஆகாத சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

நம்பிக்கை: கடை பிரெட்டின் மென்மை வெறும் கைப்பக்குவம்.

உண்மை: 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 38 பிரெட், பன், பாவ் மாதிரிகளைச் சோதித்தது. 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட்டின் தடயம் இருந்தது. மாவின் வலையை அவசரமாக வலுப்படுத்தச் சேர்ப்பவை இவை. அடுத்த மாதமே புரோமேட்டுக்குத் தடை வந்தது. வீட்டில் நேரம் கொடுத்தால் இந்த மருந்து எதற்கும் வேலையில்லை.

நம்பிக்கை: ஓவன் இல்லாமல் முடியாது.

உண்மை: ஓவன் இருந்தால் நல்லது. மூடியுள்ள கனத்த இரும்புப் பாத்திரத்தை 230 டிகிரியில் அரை மணி நேரம் காயவைத்து, மாவை அதில் போட்டு, மூடி 30 நிமிடம், திறந்து 15 நிமிடம் வேகவிடுங்கள். மாவின் நீராவியே உள்ளே அடைபட்டு மேல்தோலை இளக வைப்பதால் பிரெட் நன்றாக எழும்பும். ஓவன் இல்லையென்றால் பாதி அளவு மாவை இரும்புச் சட்டியில் மூடி, சிறு தீயில் சுடுங்கள். சூடு கீழிருந்து மட்டும் வருவதால் மேல்புறம் வெளுத்தே இருக்கும். பாதியில் புரட்டிப் போடுங்கள். இறக்கிய பிறகும் உள்ளே ஈரம் அடங்க ஒரு மணி நேரமாகும். அதற்கு முன் கத்தி வைத்தால் நடுப்பகுதி களியாக ஒட்டும்.